திறப்பைத் திருப்புவதற்கு முன்

"குடிச்சிட்டு ஓடினவனைப் பொலிஸ் பிடிக்கட்டும்" என்று சொல்லி நாங்கள் விலகிக்கொள்கிறோம். யாழ்ப்பாணம் எப்போதும் இப்படி விலகி நின்றதில்லை. 1924 இல் தொடங்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னாளில் வாலிபர் காங்கிரஸ், சுயராச்சியத்தோடும் தீண்டாமை ஒழிப்போடும் மதுவிலக்கையும் தன் வேலையாக எடுத்தது. அந்தக் காலத்தில் ஒரு பிரதேசத்து மக்கள் வாக்களித்தே தவறணையை மூடவும் முடிந்தது. குடி ஊரின் கேள்வியாக இருந்தது.

மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கேள்வியைச் சாரதியிடம் மட்டும் கேட்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் அது. மதுபோதைக்கு உரியது 151 ஆவது பிரிவு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அற்ககோல்தான் எல்லை. மீறினால் தண்டப்பணம், சிறை, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் ஆபத்து. மரணம் நேர்ந்தால் 10 ஆண்டு வரை சிறை.

சட்டம் வேணும்தான். ஆனால், திறப்பைத் திருப்பிய பிறகுதான் அது வருகிறது. கொண்டாட்ட வீட்டில் ஊற்றிக் கொடுத்தவரும், "மெதுவாப் போ தம்பி" என்று வழியனுப்பியவரும் குற்றப்பத்திரிகையில் இல்லை. அந்த இடத்தில் நிற்பது நாங்கள்தான். "திறப்பைத் தா, காலமை வந்து எடு" என்று சொல்ல எங்களுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.