தோள்வளைவும் கைத்தொலைபேசியும்: ஊவா மலைப்பாதைகளில் சாரதியின் கவனச்சிதறல் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

பதுளை நகரை விட்டுப் புறப்படும் பாதைகள் சிறிது தூரத்திலேயே மலையைச் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. பசறை, லுணுகலை வழியாகக் கிழக்கே செங்கலடிக்குச் செல்லும் ஏ-5 வீதியும், ஹாலிஎல, பண்டாரவளை ஊடாகப் பெரகலையை அடையும் ஏ-16 வீதியும், எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் ஏ-23 வீதியும் ஊவாவின் முதன்மைத் தடங்கள். இவற்றிலிருந்து கிளைத்து மடுல்சீமை, நமுனுகுல, ஸ்பிரிங்வெலி, பூனாகலை போன்ற தோட்டப் பகுதிகளுக்கு ஏறும் உட்பாதைகள் பல இடங்களில் ஒரு வண்டி போகும் அகலமே உடையவை. தோட்ட மக்களுக்கு ஆஸ்பத்திரி, உயர்தரப் பாடசாலை, வங்கி, சந்தை எல்லாமே இப்பாதைகளின் மறுமுனையில் உள்ளன. பஸ் சாரதியோ ஓட்டோக்காரரோ ஒரு கணம் கவனம் தவறினால் ஒரு லயத்தின் பல குடும்பங்கள் ஒரே நாளில் துயரத்தில் ஆழும்.

வண்டி ஓட்டும்போது கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவது ஆபத்தானது என்பதில் இன்று எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஆபத்து எங்கே இருக்கிறது, சட்டம் அதைச் சரியான இடத்தில் தடுக்கிறதா என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். சாரதியின் கை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும் விதி ஊவாவின் மலைப்பாதைகளுக்குப் போதாது. இங்கு நில அமைப்பே அழைப்பு வந்து சேரும் இடத்தையும் எதிர்வண்டி கண்ணுக்கு மறையும் இடத்தையும் ஒன்றாக்குகிறது. ஆகவே பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டி ஓடும்போது, சாரதி எந்த வடிவிலும் தொலைபேசியில் பேசலாகாது என்ற விதி இம்மாகாணத்துக்குத் தேவை. இதுவே இங்கு நிறுவ முயலும் வாதம்.

பிழைக்கு இடம் தராத பாதை

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் ஒன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்தது. பதினான்குக்கும் குறையாத உயிர்கள் பலியாயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறையொன்று அகற்றப்படாமல் வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. எதிரே ஒரு டிப்பர் வண்டி வந்தது. இரண்டுக்கும் இடையே மிஞ்சிய அகலத்தில் ஒதுங்க முற்பட்டபோது பஸ்ஸின் வெளிப்புறச் சக்கரங்கள் விளிம்பைத் தாண்டின. அருகில் இருந்த கண்காணிப்புக் கமரா பதிவு செய்த காட்சியை நாடே பார்த்தது.

2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களையும் அவர்களது குடும்பத்தினரையும் ஏற்றி வந்த பஸ், ஜீப் ஒன்றுடன் மோதிப் பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. 15 பேர் மாண்டனர்.

இவ்விரு விபத்துகளுக்கும் கைத்தொலைபேசி காரணம் என்று கூறுவது என் நோக்கமன்று. அப்படிக் கூற ஆதாரமும் இல்லை. இவை காட்டுவது வேறொன்று. சமவெளியில் வண்டி தடம் விலகினால் வயலிலோ வேலியிலோ போய் நிற்க வாய்ப்புண்டு. இங்கே தடம் விலகிய வண்டியைத் தாங்கப் பாதுகாப்பு வேலிகூடப் போதவில்லை. அத்தகைய பாதையில் சாரதியின் முழுக் கவனம் மட்டுமே பயணிகளுக்குரிய காப்பு. அதில் பங்கு கேட்கும் எந்தப் பொருளையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

இத்துறையின் முன்னோடி ஆய்வு 1997இல் ரெடல்மையர், டிப்ஷிரானி ஆகியோர் கனடாவின் டொரொன்டோவில் செய்தது. மோதலுக்கு உள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை அவர்கள் ஆராய்ந்தனர். பேசும்போது மோதலின் இடர் ஏறத்தாழ நான்கு மடங்காகியது. கையில் பிடிக்காமல் பேசுவோருக்கு இதில் எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. 2005இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், மோதலில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 சாரதிகளை வைத்துச் செய்த ஆய்வும் இதே முடிவைத் தந்தது.

2006இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து ஸ்ட்ரேயர் குழுவினர், தொலைபேசியில் பேசும் சாரதியையும் குருதியில் 0.08 சதவீத மதுசாரம் உள்ள சாரதியையும் ஓட்டுப்பயிற்சிப் பாவனைக் கருவியில் ஒப்பிட்டனர். பேசியவர்களின் எதிர்வினை மந்தமாகியது. முன்வண்டியில் மோதிய சம்பவங்கள் பேசியபோதே நிகழ்ந்தன. கையில் பிடித்துப் பேசியவருக்கும் ஹேண்ட்ஸ் ஃப்ரீயில் பேசியவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இலங்கைச் சட்டம் மதுபோதையில் வண்டி ஓட்டியதாகக் கொள்வதும் 100 மில்லிலீற்றர் குருதிக்கு 80 மில்லிகிராம் என்ற இதே அளவைத்தான். ஒரு சாரதியிடம் சாராய வாடை வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடும் பயணி, அதே சாரதி காதில் கருவியை மாட்டிப் பேசிக்கொண்டு வளைவில் திரும்பும்போது அமைதியாக அமர்ந்திருக்கிறார். இந்த ஆய்வை அறிந்தபின் அந்த அமைதிக்கு நியாயம் கற்பிக்க முடியாது.

கண் ஒரு பொருளின் மேல் படிந்திருந்தும் மனம் அதைப் பதிவு செய்யாமல் விடும் நிலையே இதற்கு அடிப்படை என அக்குழுவினர் விளக்கினர். பக்கத்தில் இருப்பவருடன் பேசுவதும் இதுவும் ஒன்றல்ல. வளைவு வந்தால் பக்கத்தில் இருப்பவர் தானாகப் பேச்சை நிறுத்துவார். பாதையைத் தானும் பார்ப்பார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு வளைவு தெரியாது. அவர் கேள்வி கேட்டபடியே இருப்பார்.

எதிர்ச்சான்றும் அதன் எல்லையும்

இதற்கு எதிரான சான்றும் உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியா டெக் போக்குவரத்து நிறுவனம் கனரக லொறிகளில் கமரா பொருத்தி எடுத்த பதிவுகளை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டது. குறுஞ்செய்தி அனுப்புவது ஆபத்தான சம்பவங்களின் இடரை 23 மடங்காக்கியது. எண்ணை அழுத்துவது ஏறத்தாழ 6 மடங்காக்கியது. ஆனால் பேசுவது மட்டும் இடரைக் கூட்டவில்லை. ஹேண்ட்ஸ் ஃப்ரீ பேச்சின்போது இடர் குறைந்தே காணப்பட்டது. ஹேண்ட்ஸ் ஃப்ரீக்கு விலக்களிக்க வேண்டும் என்போரின் வலிமையான ஆதாரம் இதுவே.

இச்சான்றைப் புறந்தள்ள வேண்டியதில்லை. அது எந்தப் பாதையில் திரட்டப்பட்டது என்று பார்த்தால் போதும். நெடுந்தொலைவு நேராக ஓடும் அகன்ற வீதிகளில் லொறிச் சாரதியின் முதல் எதிரி சலிப்பும் தூக்கமும். அங்கே ஒரு பேச்சு அவரை விழித்திருக்கச் செய்யலாம். நெரிசலற்ற நேரத்தைத் தெரிந்தெடுத்துப் பேசவும் அவரால் முடியும். பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் பாதையில் அத்தகைய நேரம் வாய்ப்பதில்லை. வளைவு, கியர் மாற்றம், எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்குதல், ஓரத்தில் கொழுந்து மூட்டையுடன் நடப்போர், திடீரென மூடும் பனிமூட்டம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நேர்வீதியில் உபரியாக இருக்கும் கவனம் இங்கு உபரியாக இல்லை. எனவே அந்த ஆய்வின் முடிவு அதன் களத்துக்குப் பொருந்தும்; ஊவாவுக்கு அதைப் பெயர்த்துக் கொண்டுவர இயலாது.

தோள்வளைவில் சேரும் இரண்டு ஆபத்துகள்

மலைச்சரிவில் வெட்டப்பட்ட பாதையில் இருவகை வளைவுகள் மாறிமாறி வரும். மலையின் தோள் வெளியே நீளும் இடத்தைச் சுற்றுவது ஒன்று. அதைத் தோள்வளைவு எனலாம். இரு தோள்களுக்கு இடையே ஓடை இறங்கும் மடிப்பைச் சுற்றுவது மற்றொன்று. அதை மடிப்புவளைவு எனலாம். மடிப்புவளைவில் வளைவின் உட்பக்கம் திறந்த பள்ளம். எனவே எதிர்ப்பக்கம் வரும் வண்டி தூரத்திலேயே தெரியும். தோள்வளைவில் உட்பக்கம் மண்மேடு. எதிர்வண்டி அருகே வரும்வரை தெரியாது. சாரதிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்புவது இங்கேதான்.

தொலைபேசி அலைகளின் இயல்பு இதற்கு நேர்மாறானது. மடிப்புக்குள் இருபுறமும் மலை மறைப்பதால் சிக்னல் தளர்ந்துவிடும். தோளைச் சுற்றி வெளியே வரும்போது பள்ளத்தாக்கு முழுதும் திறக்கும். தூரத்துக் கோபுரத்துக்கு நேர்வழி கிடைக்கும். மடிப்புக்குள் இருந்தபோது வந்து சேராத செய்திகளும் தவறிய அழைப்புகளின் அறிவிப்புகளும் ஒன்றாக ஒலிப்பது அப்போதுதான். எதிர்வண்டியை எதிர்பார்த்துக் கண்ணும் காதும் கூர்மையாக இருக்க வேண்டிய அதே இடத்தில், சட்டைப்பையில் இருக்கும் கருவி சாரதியைக் கூப்பிடுகிறது. சமவெளியில் அழைப்பு எங்கும் வரலாம். மலையில் அது வரத்தக்க இடங்களை நிலமே தெரிவு செய்கிறது. தெரிவாவது மிக மோசமான இடம்.

"மெதுவாத்தானே போறேன்" என்பது மலைநாட்டுச் சாரதிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இதைக் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தோள்வளைவில் பார்வைத் தூரம் 40 மீட்டர் என்றும், இருபுறமும் வரும் வண்டிகள் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றன என்றும் கொள்வோம். ஒவ்வொன்றும் நொடிக்கு 8.3 மீட்டர் நகர்கிறது. ஒருவரையொருவர் கண்ட கணத்திலிருந்து மோதலுக்கு 2.4 நொடிகளே உள்ளன. கண்டு உணர்ந்து பிரேக்கை மிதிக்க விழிப்பான சாரதிக்கு ஒன்றரை நொடி ஆகும் என்றால், அதற்குள் வண்டி 12.5 மீட்டர் ஓடிவிடும். மழை நனைத்த வீதியில் நிற்க மேலும் 7 மீட்டர் வேண்டும். ஆக ஒரு வண்டிக்கு ஏறக்குறைய 20 மீட்டர்; இரண்டுக்கும் சேர்த்து 40. இருவரும் முழு விழிப்பில் இருந்தால் மட்டுமே பாதை சரியாகப் போதும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் நான்கு மீட்டருக்கு மேல் குறைகிறது. அந்த நான்கு மீட்டரை ஈடுசெய்ய ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். ஒடித்தால் வெளிப்புறத்து வண்டிக்கு மிஞ்சுவது விளிம்பு. இறக்கத்தில் வரும் வண்டிக்கு நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

அழைப்புக்குப் பின்னால் உள்ள வாழ்வு

சாரதியை மட்டும் குற்றவாளியாக்கும் கட்டுரை பாதி உண்மையையே சொல்லும். தோட்டத்து ஓட்டோக்காரருக்கு அந்தத் தொலைபேசியே தொழிற்கருவி. ஹயர் அதில்தான் வருகிறது. இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணின் வீட்டார் அழைப்பதும் அவரைத்தான். அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த வண்டிக்கு வேலை போய்விடும். மாதாமாதம் லீசிங் தவணை கட்ட வேண்டியவருக்கு இது சிறிய இழப்பன்று. பஸ் சாரதிக்கோ, முன்னால் போகும் பஸ் எங்கே என்று அறிய வேண்டிய போட்டி.

மறுமுனையில் இருப்போருக்கும் இதில் பங்குண்டு. "அண்ணே, எங்க வர்றீங்க?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவர், வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கணத்தில் ஆபத்துக்கு உள்ளாவது அவர் காத்திருக்கும் அதே உறவினர்தான். ஆகவே தீர்வு தண்டப்பணத்தோடு முடியக்கூடியதன்று. அழைப்பை ஏற்காமல் விட்டாலும் சாரதியின் பிழைப்பு கெடாத ஏற்பாடு வேண்டும்.

சட்டமும் பதிவும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் நாட்டின் வீதி ஒழுங்குக்கு அடித்தளம். கைத்தொலைபேசி தொடர்பில் பொலிஸார் நடைமுறையில் பிடிப்பது கையில் பிடித்திருக்கும் சாரதியையே. இது இலங்கையின் தனிக் குறையன்று. வீதிப் போக்குவரத்து பற்றிய 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் திருத்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தபோது, கட்டாயமாகத் தடை செய்யச் சொன்னதும் கையில் பிடித்த தொலைபேசியைத்தான். கண்ணால் கண்டு வழக்குத் தொடர எளிதானதைச் சட்டம் பிடித்துக்கொண்டது.

மதுவை ஊதிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பேச்சைக் கண்டுபிடிக்க அத்தகைய கருவி இல்லை. விபத்துக்குப் பின் காரணம் 'கவனக்குறைவு' என்றோ 'கட்டுப்பாட்டை இழந்தது' என்றோ எழுதப்பட்டால், அந்தச் சொற்களுக்குள் தொலைபேசி மறைந்துவிடும். இலங்கை வீதிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் மாள்வதாக உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு அறிக்கை கணித்தது. காரணம் பதிவாகாதவரை, அம்மரணங்களில் எத்தனையைத் தடுத்திருக்கலாம் என்ற விவாதமே தொடங்காது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு வழித்தட அனுமதி வழங்குவது மாகாண அதிகார சபை. மாகாணங்களுக்கிடையிலான சேவைகளுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. பஸ் ஓடும்போது சாரதியின் தொலைபேசி நடத்துநர் கையில் இருக்க வேண்டும் என்பதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்கலாம். அவசரச் செய்தியை நடத்துநர் வாங்கித் தரிப்பிடத்தில் சொல்வார். பாடசாலை வான்களுக்கு உதவியாளரைக் கொண்டு இதே முறையைக் கையாளலாம்.

இரண்டாவதாக, சிக்னல் கிடைக்கும் தோள்களுக்கு அப்பால், பார்வை தெளிவான இடங்களில் ஒரு வண்டி ஒதுங்கி நின்று பேசப் போதிய அகலம் அமைத்து, தமிழிலும் சிங்களத்திலும் பலகை வைக்க வேண்டும். எந்த வளைவில் சிக்னல் திரும்புகிறது, அங்கே பார்வைத் தூரம் எவ்வளவு என்பதை அளந்து வரைபடமாக்குவது கடினமான பணியன்று. பதுளையிலேயே இயங்கும் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் இதைச் செய்யலாம். இக்கட்டுரை நில அமைப்பிலிருந்து வருவித்த கூற்றை அந்த அளவீடு உறுதிப்படுத்தவோ திருத்தவோ செய்யும்.

மூன்றாவதாக, மரணம் நிகழ்ந்த ஒவ்வொரு விபத்திலும், நீதிமன்ற அனுமதியுடன் சாரதியின் அழைப்புப் பதிவை விசாரணையின் பகுதியாக்க வேண்டும். டொரொன்டோ ஆய்வு 1997இல் இதைக் கொண்டே உண்மையை வெளிக்கொணர்ந்தது.

நான்காவதாக, தோட்டத்து ஓட்டோ தரிப்பிடங்கள் தமக்குள் ஒரு முறையை வகுத்துக்கொள்ளலாம். ஓட்டத்தில் இல்லாத ஒருவர் முறை வைத்து அழைப்புகளை ஏற்று, வரிசைப்படி ஹயரைப் பகிர்ந்தால், அழைப்பை எடுக்காதவருக்கு நட்டம் வராது. தோட்டத் தலைவர்மாரும் கோயில் பரிபாலன சபையும் முன்னின்றால் ஒரு மாதத்தில் இது வழக்கமாகிவிடும்.

முடிவுரை

கையை விடுவித்துக்கொண்ட சாரதி தன் கவனத்தையும் விடுவித்துக்கொண்டதாகச் சட்டம் கருதுகிறது. ஆய்வுச் சான்றுகளின் பெரும்பகுதி அதை ஏற்கவில்லை. ஏற்கும் சான்றும் ஊவாவின் தோள்வளைவைப் பார்த்துச் சொல்லப்பட்டதன்று. பயணிகளை ஏற்றிய வண்டி மலைப்பாதையில் ஓடும்போது சாரதி தொலைபேசியில் பேசலாகாது; ஹேண்ட்ஸ் ஃப்ரீக்கும் இதில் விலக்கு இல்லை என்பதே இவ்வாய்வின் முடிவு. பஸ் அனுமதிப்பத்திர நிபந்தனைக்கு நாடாளுமன்றச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாகாண ஆட்சியும் போக்குவரத்து அதிகாரிகளும் அதை இவ்வாண்டே தொடங்க வேண்டும். வாசகரும் ஒன்று செய்யலாம்: நீங்கள் அழைக்கும் சாரதி வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்த உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.