மத்தளம் முந்தி, மன்னன் பிந்தி

1928இல் வால்ட் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' கேலிச்சித்திர எலியின் அசைவுக்கு ஓசையைப் பொருத்தியது திரையில் புதுமை. இலங்கையின் மட்டக்களப்பு வாவியோரத்துக் கூத்துக் களரிக்கு அது பழஞ்செய்தி. அங்குள்ள கூத்தின் இரு வகைகளான வடமோடியிலும் தென்மோடியிலும் பாத்திரங்களின் வரவுக்கென்று தாளக்கட்டுகள் உண்டு: அரசனுக்கு ஒன்று, பெண்ணுக்கு வேறொன்று. கூத்தைப் பயிற்றி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளமும் கூத்தரின் காற்சலங்கையும் சேர்ந்து, வேடம் கட்டியவர் வாய் திறக்குமுன்பே அவர் எப்பேர்ப்பட்டவர் என்று சொல்லிவிடுகின்றன. முடியும் உடுப்பும் போதாதா, கதையும் ஊரறிந்ததுதானே என்று கேட்கலாம். முடி அரசனென்று மட்டுமே சொல்லும். அவன் சீறுகிறானா சோர்கிறானா என்பதைத் தாளத்தின் நடைதான் உணர்த்தும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த அரங்கில், சேலை செய்த வேலையில் பாதியைத் தாளம் செய்தது என்பது என் கணிப்பு.

தாளத்தின் இந்த முதன்மைக்கு வலுவான சான்று 1960களில் கிடைக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் புதுக்கியபோது, விடியவிடிய ஆடியதைச் சுருக்கினார். வட்டக்களரியை விட்டு, ஒருபக்கம் மட்டும் பார்வையாளர் அமரும் மேடைக்கு மாற்றினார். இவ்வளவு மாறியும் மத்தளமும் சலங்கையும் தங்கின. அவர் தயாரித்த 'இராவணேசன்' கூத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு ஆடிய இராவணனும் அந்த ஓசையின் மேல்தான் எழுந்து நின்றான்.