கூப்பன் கவுனும் மொம்பேயும்

இரண்டு உடைகளை ஒரு மேசைமேல் விரித்துக்கொள்வோம். இடப்பக்கம், 1943 வாக்கில் லண்டன் கடைகளில் விற்ற ரேயான் கவுன்: சதுரமாக நிற்கும் தோள், முழங்காலைத் தொட்டவுடன் முடிந்துவிடும் கீழ்ப்பகுதி, உட்புறத்தில் சிசி41 என்ற முத்திரை. வலப்பக்கம், அதே ஆண்டுகளில் டோக்கியோ வீடுகளில் கையால் தைத்த மொம்பே என்ற கால்சட்டை: இடுப்பில் நாடா, கணுக்காலில் சுருக்கு, துணியில் அது கிமோனோவாக இருந்த நாளின் பூ. முன்னது கூப்பன் கொடுத்து வாங்கியது. பின்னது பெட்டியில் இருந்ததைப் பிரித்துத் தைத்தது. ஒன்றையொன்று எதிர்த்துப் போரிட்ட இரு தீவு நாடுகளின் பெண்கள் இவற்றை உடுத்தினார்கள்.

இன்று போர்க்காலப் பாணியில் தைப்பவர்களும், பழைய உடையைத் தேடி வாங்கிப் பழுதுபார்ப்பவர்களும் பெரும்பாலும் இடப்பக்கத்து உடையிடம்தான் போகிறார்கள். வலப்பக்கத்து உடையைத் தனியே ஆராய்வோரும் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தால், தனித்தனியே பார்க்கும்போது தெரியாத சில உறவுகள் தெரியவருகின்றன.

முதலில் கணக்கு. பிரிட்டனில் 1941 ஜூன் 1 அன்று வர்த்தக வாரியத் தலைவர் ஆலிவர் லிட்டில்டன் உடைப் பங்கீட்டை வானொலியில் அறிவித்தார். முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். எட்டு மாதம் கழித்து, 1942 பிப்ரவரியில், ஜப்பானில் உடைச் சீட்டு வந்தது. நகரத்தாருக்கு 100 புள்ளி, கிராமத்தாருக்கு 80. கோட்டு, வெயிஸ்ட்கோட்டு, கால்சட்டை மூன்றும் சேர்ந்த ஆண்கள் சூட்டுக்கு லண்டனில் 26 கூப்பன். டோக்கியோவில் 50 புள்ளி. லண்டன்காரருக்கு ஆண்டுப் பங்கில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு போனது. டோக்கியோக்காரருக்குச் சரிபாதி போனது. முறை ஒன்றுதான், நெருக்கடியின் அளவுதான் வேறு. பிரிட்டனில் கூப்பன் தீர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டார்கள். ஜப்பானில் போரின் பிற்பகுதியில் புள்ளி கையில் இருந்தும் கடையில் துணி இல்லையே என்று கவலைப்பட்டார்கள்.

இரு அரசுகளும் அளந்து கொடுப்பதோடு நிற்கவில்லை; எப்படி உடுத்த வேண்டும் என்பதையும் வரைந்து கொடுத்தன. லண்டனில் 1942-இல் ஹார்டி ஏமிஸ், டிக்பி மார்ட்டன், விக்டர் ஸ்டீபெல் போன்ற முன்னணி வடிவமைப்பாளர்கள் சிக்கன உடைகளுக்கு மாதிரி வெட்டித் தந்தார்கள். அந்த மாதிரிகளை விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது. ஒரு கவுனுக்கு இரண்டு பாக்கெட், ஐந்து பட்டன் என்று வரம்பு கட்டிய விதிகளுக்குள்ளேயே அவர்கள் நேர்த்தியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. டோக்கியோவிலும் அதே 1942-இல் பெண்களுக்கான தரநிலை உடை அறிவிக்கப்பட்டது; மேற்கத்திய வடிவில் ஒன்று, கிமோனோ வடிவில் ஒன்று. மொம்பே அந்தப் பட்டியலின் ஓரத்தில், வேலைக்கான உடை என்ற பெயரில் இருந்தது.

இங்கே முதல் வியப்பு. எதேச்சாதிகார அரசு வரைந்த உடை பரவும், ஜனநாயக அரசு வரைந்த உடை பரவாது என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. லண்டன் மாதிரிகளின் வழியில் வந்த சிக்கன உடைகள் கடைகளில் ஏராளமாக விற்றன. டோக்கியோவின் தரநிலை உடையைத் தைத்துப் போட்டவர்கள் சிலரே. வயலிலும் பனி கொட்டும் ஊர்களிலும் உழைக்கும் பெண்கள் காலங்காலமாக உடுத்திவந்த மொம்பேதான், விமானத் தாக்குதல் நெருங்க நெருங்க, நகரமெங்கும் பரவியது. பின்னாளில் அக்கம்பக்கச் சங்கங்கள் மொம்பே உடுத்தச் சொல்லி நெருக்கின என்பதும் உண்மை. ஆனால் அவை நெருக்கியது அரசு புதிதாக வரைந்ததை உடுத்தும்படி அல்ல, உழவர் வீட்டில் ஏற்கெனவே இருந்ததை உடுத்தும்படி. பிரிட்டனில் உடை மேலிருந்து இறங்கிவந்தது. ஜப்பானில் கீழிருந்து ஏறிவந்தது.

இனி கத்தரிக்கோலுக்கு வருவோம். அடிப்படை வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. கவுன் உடலுக்காக வெட்டப்படுகிறது. கைக்குழிக்கு வளைவு, மார்புக்கு டார்ட், இடுப்புக்குச் சரிவு என்று வெட்டிய பிறகு துணி பழைய துணியாகத் திரும்ப முடியாது. ஆகவே அதை மாற்றித் தைப்பது எப்போதும் இறங்குமுகம்தான்: ஆணின் சூட்டு பெண்ணின் சூட்டாகும், பெரியவர் கோட்டு பிள்ளையின் கோட்டாகும், பிள்ளையின் கோட்டு ஒட்டுத்துணியாகும். கிமோனோ துணிக்காக வெட்டப்படுகிறது. ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணியை நேர்கோட்டில் மட்டுமே வெட்டுகிறார்கள். உடலுக்கு மிஞ்சியதை நறுக்கி எறியாமல் தையலுக்குள் மடித்து வைக்கிறார்கள். சேலையைத் தூளியாகவும் பாவாடையாகவும் மாற்றிப் பழகிய வீடுகளில் வளர்ந்த நமக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. துணியின் முழுமையைக் கெடுக்காமல் உடலை மூடும் மரபு அது.

கிமோனோவைப் பிரிப்பதைச் சற்று அருகிருந்து பார்க்கலாம். கையால் போட்ட ஓட்டுத் தையல்; ஒரு முனையை அறுத்து இழுத்தால் நூல் நீளமாக வந்துவிடும். கையில் எஞ்சுவது எட்டு நீள்சதுரங்கள்: உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்க இணைப்புக்கு இரண்டு, கழுத்துப் பட்டி, அதன்மேல் போடும் உறை. அவற்றை முனையோடு முனை சேர்த்துத் தைத்தால், கடையிலிருந்து வந்தபோது இருந்த நீளத்துணி மறுபடி கிடைக்கிறது. அதைத் துவைத்து, கடற்பாசியில் காய்ச்சிய கஞ்சி போட்டு, அகலவாட்டில் வில்லாக வளையும் மெல்லிய மூங்கில் குச்சிகளைக் கரையோரம் குத்தி, விறைப்பாக இழுத்துக் காயவைப்பார்கள். அடுத்த முறை தைக்கும்போது, தேய்ந்த இடத்தை மடிப்புக்குள் தள்ளிவிட்டு, இதுவரை உள்ளே ஒளிந்திருந்த புதுநிறத்தை வெளியே கொண்டுவரலாம். போர்க்காலத்தில் இந்தச் சுற்றில் நேர்ந்த மாற்றம் ஒன்றுதான்: எட்டுத் துண்டும் மீண்டும் கிமோனோவாகவில்லை, கால்சட்டையாயின.

பிரிட்டனில் இதற்கு இணை உண்டா? கவுனில் தேடினால் கிடைக்காது. படுக்கை விரிப்பில் தேடினால் கிடைக்கும். நடுவில் நைந்த விரிப்பை நீளவாட்டில் இரண்டாக வெட்டி, தேயாத இரு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்து, நைந்த பகுதியைப் புது ஓரமாக மடித்தடிப்பது அங்கே வீட்டுக்கு வீடு நடந்த வேலை. சட்டைக் காலரையும் அப்படியே செய்தார்கள்: கழுத்து உராய்ந்து நைந்ததும் காலரைப் பிரித்து, திருப்பிப் போட்டுத் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும். காலரைத் திருப்பிப் போட்டுத் தரும் தையல்காரரை நம் ஊர்த் தெருக்களும் அறியும். துணி எங்கெல்லாம் நீள்சதுரமாக எஞ்சியதோ, அங்கெல்லாம் லண்டன் ஊசி டோக்கியோ ஊசியைப் போலவே நடந்துகொண்டது. இரண்டும் தேய்மானத்தை இல்லாமல் ஆக்கவில்லை. அதன் இடத்தை மாற்றின. இந்த உறவை நான் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு உறவு நாரில் இருக்கிறது. கவுனின் ரேயானும், போர்க்கால ஜப்பானில் பருத்தியோடும் கம்பளியோடும் கலந்து நெய்யப்பட்ட செயற்கை இழையும் ஒரே குடும்பம். இரண்டும் மரக்கூழிலிருந்து வருபவை. இரண்டுக்கும் ஒரே பலவீனம்: நனைந்தால் வலுவிழக்கும். ஜப்பானில் அந்தக் கலப்புத்துணி துவைத்தாலே கிழிகிறது என்று அலுத்துக்கொண்டார்கள். லண்டனின் ரேயான் கவுனை இன்று வாங்குபவரும் அதை முறுக்கிப் பிழிந்தால் அதே அனுபவத்தைப் பெறுவார். பகை நாடுகளின் இரண்டு உடைகளுக்கும் பழுதுபார்ப்பவர் தரும் அறிவுரை சொல்லுக்குச் சொல் ஒன்றுதான்: ஊறவைக்காதே, பிழியாதே, தொங்கவிடாதே, தட்டையாக விரித்துக் காயவை.

ஒட்டுப் போடுவதிலும் அப்படியே. பழைய துணிக்கு வலுவான புதுத்துணியை ஒட்டாகப் போட்டால், ஒட்டு நிலைக்கும். சுற்றியிருக்கும் துணி அதன் இழுப்புத் தாங்காமல் கிழியும். ஆகவே ஒட்டு மூலத்துணியை விடச் சற்று மென்மையாக இருக்க வேண்டும், முன்கூட்டியே துவைத்துச் சுருங்கியதாக இருக்க வேண்டும், அதன் பாவு மூலத்தின் பாவோடும் ஊடை ஊடையோடும் ஒத்துப்போக வேண்டும். முழங்கை ஓட்டையை இழையிட்டு அடைப்பதற்கும் இதே நிதானம் வேண்டும்: ஓட்டைக்கு அப்பாலும், துணி உரமாக இருக்கும் இடம்வரை ஊசியை ஓட்டி, ஒவ்வொரு வரிசை திரும்பும் இடத்திலும் சிறு வளையமாக நூலைத் தளர்த்தி விடுவார்கள். நூலை இழுத்துப் பிடித்தால், முதல் துவைப்பில் அது சுருங்கி ஓட்டையைச் சுற்றிப் புதுச் சுருக்கம் விழும். 1943-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ கையேடு வீடுகளுக்குச் சொன்னது இத்தகைய வேலைகளைத்தான். ஜப்பானிய வீடுகளில் தாய் மகளுக்குச் சொல்லித் தந்ததும் இவற்றைத்தான்.

போர் முடிந்ததும் இரு கதைகளும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. 1946-இல் டோக்கியோவில் ஹனாமோரி யாசுஜியும் ஓஹாஷி ஷிசுகோவும் ‘ஸ்டைல் புக்’ என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். கிமோனோத் துணியை வளைவில்லாமல் நேர்கோட்டில் வெட்டி, மேற்கத்திய கவுன் தைக்கும் வழியை அது கற்றுத்தந்தது. போர்க்காலத்தின் சிக்கனம் அழகின் இலக்கணமாக மாறிய இடம் அது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் மீட்டர் மீட்டராகத் துணி விழுங்கும் பாவாடைகளைக் காட்டினார். 1949 மார்ச் வரை கூப்பன் வாழ்க்கை நீடித்த பிரிட்டனில், பழைய பாவாடையின் அடியில் வேறு துணியைச் சேர்த்து நீளமாக்கிப் பெண்கள் அந்தப் பாணியை எட்டிப் பிடித்தார்கள். ஜப்பானில் பழைய துணியில் புது வடிவம். பிரிட்டனில் பழைய வடிவத்தில் ஒட்டிய புது நீளம். இரண்டிலும் வழிகாட்டியது பற்றாக்குறைதான்.

இன்றைய மறுபிறப்பும் இரண்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. கவுன் வெற்றியின் நினைவோடு திரும்பியது. ‘மேக் டூ அண்ட் மெண்ட்’ கையேடு மறுபதிப்புப் பெற்றது, நாற்பதுகளின் பாணி விழாக்களுக்காகப் பெண்கள் புதிதாகத் தைக்கிறார்கள். மொம்பே அப்படித் திரும்ப முடியாது. அதன் நினைவு பசியும் தீயும். ஃபுகுவோகாவின் யாமே ஊரில் அது இன்று விற்பனைக்கு வருவது, நூலிலேயே கட்டிச் சாயமேற்றி நெய்யும் அவுரிநீலக் குருமே கசுரித் துணியின் பெருமையாக, உழைப்பவரின் வசதியான உடையாக. போரைத் தாண்டி அதற்கு முந்தைய வயலுக்கே போய்விட்டது மொம்பே. வேடிக்கை என்னவென்றால், வரலாற்றுக்கு உண்மையாக இருப்பது அதுவே. நாற்பதுகளின் கவுன் என்ற பெயரில் இன்று தைக்கப்படும் பலவற்றில் பாவாடை ஐம்பதுகளின் அகலத்துக்கு விரிகிறது. 1942-இன் விதிகள் அதற்கு அனுமதி தந்திருக்காது. யாமேயின் மொம்பேயில் துணி இன்றும் ஏறக்குறைய பழைய அகலம்தான்.

கடைசியாக, இரு உடைகளோடும் வரும் ஒரு சிறு துண்டைப் பார்த்துவிடலாம். கவுனின் உட்புறத்தில், ரெஜினால்ட் ஷிப் வரைந்த, துண்டு வெட்டியெடுத்த இரு வட்டங்களாகத் தோன்றும் முத்திரை. வெட்டிய பாலாடைக்கட்டிகள் என்று மக்கள் கேலி செய்தது. விலையும் தரமும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ளவை என்று அது சொல்கிறது. மொம்பேயோடு உடுத்திய மேலாடையின் மார்பில், வெளியே தெரியும்படி, வெள்ளைத் துணியில் மையால் எழுதியது: பெயர், முகவரி, இரத்த வகை. குண்டு விழுந்தால் உடலை அடையாளம் காண்பதற்கு. அணுகுண்டுக்கு ஆளானவர்கள் உடுத்தியிருந்து, ஹிரோஷிமா அருங்காட்சியகத்தில் இருக்கும் உடைகளைப் புகைப்படக் கலைஞர் இஷியுச்சி மியாகோ படமெடுத்து 2008-இல் நூலாக வெளியிட்டார். கிமோனோத் துணியிலிருந்து வீட்டில் தைத்தவையும் அவற்றில் உண்டு.

பழைய உடையைப் பழுதுபார்ப்பவர் காலரைத் திருப்புவார், நாடாவை மாற்றுவார், ஓட்டையை இழையிட்டு அடைப்பார். முத்திரைத் துண்டின் தையலை மட்டும் பிரிக்கமாட்டார். உடை யாருடைய காலத்தது என்பதற்கு எஞ்சிய சான்று அதுதான். மேசையின் வலப்பக்கத்து உடையோடு சேர்ந்த மேலாடையின் மார்பில் தைத்த பெயர்த்துண்டுக்கும் அதே விதி. ஒன்று துணிக்குப் பொறுப்பேற்ற அரசின் குறி. மற்றொன்று, அந்தத் துணிக்குள் இருப்பவர் வீடு திரும்பாமல் போகலாம் என்று தெரிந்தே ஒரு வீட்டில் யாரோ உட்கார்ந்து தைத்தது.