பவளத் துண்டு வளர்ப்பும் பகிர்வும்: வீட்டு மீன்தொட்டி ஆர்வலர்கள் அறிய வேண்டிய அறிவியலும் சட்டமும்

மைசூரு: கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள், தாங்கள் வளர்க்கும் பவளத்திலிருந்து சிறு துண்டை வெட்டி மற்றொருவருக்குக் கொடுப்பது பல நாடுகளில் வழக்கமான ஒன்று. செம்பருத்திக் கிளையை ஒடித்து அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதைப் போலத் தோன்றும் இந்தப் பகிர்வு, இந்தியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகக்கூடும். பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும், புலி, யானை ஆகியவற்றுடன் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருப்பதே இதற்குக் காரணம்.

அதேவேளையில், வெட்டி வளர்க்கும் இதே முறையைக் கொண்டுதான் தூத்துக்குடி ஆய்வாளர்கள் மன்னார் வளைகுடாவில் சிதைந்த பவளத் திட்டுகளை 2002-ஆம் ஆண்டு முதல் மீட்டு வருகின்றனர். இரண்டுக்கும் செய்முறை ஒன்றே. துண்டு எங்கிருந்து வந்தது, யாருடைய அனுமதியுடன் வெட்டப்பட்டது என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

செயற்கைக் கடல் உப்பு, ஆர்.ஓ. நீர், எல்.இ.டி. விளக்கு ஆகியவை இன்று எங்கும் கிடைக்கின்றன. இதனால், மங்களூரு கடற்கரையிலிருந்து சாலை வழியே சுமார் 250 கி.மீ. தொலைவிலும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலும் உள்ள மைசூரு போன்ற நகரங்களிலும் கடல்நீர்த் தொட்டி அமைக்க முடிகிறது. இத்தகைய தொட்டி வைத்திருப்போரும், வைக்க விரும்புவோரும் அறிய வேண்டிய விவரங்கள் இங்கே தொகுத்து அளிக்கப்படுகின்றன.

பவளம் தாவரம் அல்ல

பார்வைக்குச் செடி போலவும் கல் போலவும் இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. ஆயிரக்கணக்கான நுண்ணிய பவள உயிரிகள் ஒட்டி வாழும் கூட்டமே ஒரு பவளத் திட்டு. ஒவ்வோர் உயிரிக்கும் ஒரு வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் உண்டு. கடல்நீரில் உள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, சுண்ணாம்புக் கூட்டைத் தமக்கு அடியில் கட்டிக்கொள்பவை கல் பவளங்கள் எனப்படுகின்றன. இவ்வகைக் கூடு இல்லாதவற்றை ஆர்வலர்கள் பொதுவாக மென் பவளங்கள் என்கின்றனர்.

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. இவை ஒளிச்சேர்க்கை மூலம் உருவாக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குக் கிடைக்கிறது. நீரின் வெப்பம் உயர்ந்தால் பவளம் இந்தப் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. அப்போது நிறமிழந்து, வெண்மையான கூடு வெளியே தெரிகிறது. இதுவே பவள வெளிறல். வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் மீளும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் இறந்துவிடும்.

துண்டிலிருந்து முழுப் பவளம்

ஒரு கூட்டத்தில் உள்ள உயிரிகள் அனைத்தும் ஒரே மரபணுவைக் கொண்டவை. எனவே அதிலிருந்து பிரியும் துண்டும் தனியே வாழும் தகுதி பெற்றது. புயலில் ஒடிந்து விழும் கிளைகள் கடல் தரையில் பற்றிக்கொண்டு புதிய கூட்டங்களாக வளர்வது இயற்கையிலேயே நிகழ்வதுதான். மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா வகைப் பவளங்கள் இவ்வாறு பெருகுவதில் முன்னிற்கின்றன. வெட்டி வளர்ப்பவர்கள் இந்த இயல்பையே பயன்படுத்துகின்றனர்.

கிளைப் பவளத்தை எலும்பு வெட்டும் இடுக்கியாலும், தட்டையான அல்லது உருண்டையான கல் பவளத்தை வைரத் துகள் பூசிய ரம்பத்தாலும், மென் பவளத்தைக் கூரிய கத்தியாலும் வெட்டுகின்றனர். வெட்டிய துண்டை, சயனோஅக்ரிலேட் எனப்படும் உடனடிப் பசையின் கெட்டியான வகையைக் கொண்டு சிறு பீங்கான் அடியில் ஒட்டுகின்றனர். நீர் பட்டதும் இந்தப் பசை இறுகிவிடும். புதிய துண்டு தொடக்கத்தில் மிதமான ஒளியில் வைக்கப்படுகிறது. திசு காயத்தை மூடி, பீங்கானின் மேல் படரத் தொடங்கிய பிறகே அது கைமாற்றத் தக்கதாகக் கருதப்படுகிறது.

கல் பவளம் வளர நீரின் தன்மை ஏறக்குறைய மாறாதிருக்க வேண்டும். வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்ற அளவுகள் பொதுவாகப் பின்பற்றப்படுகின்றன. மைசூருவில் ஏப்ரல் மாதப் பகல் வெப்பம் 34 டிகிரியை ஒட்டிச் செல்வதால், குளிர்விக்கும் கருவி இல்லாத தொட்டி கோடையில் இந்த வரம்பைத் தாண்டிவிடும். குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரின் பவளத்துக்குக் கேடு என்பதால், சுத்திகரித்த நீரில் மட்டுமே உப்பைக் கரைக்க வேண்டும்.

ஏன் பகிர்கின்றனர்?

பகிர்வின் நோக்கம் சேகரிப்பு மட்டுமன்று. நீண்ட மின்வெட்டு, விளக்கு அல்லது நீரேற்றிப் பழுது, நோய் ஆகியவற்றால் ஒரு தொட்டி ஒரே இரவில் அழியக்கூடும். அந்தப் பவளத்தின் துண்டு வேறொருவர் தொட்டியில் இருந்தால் அதே மரபு மீண்டும் கிடைக்கும். தொட்டியில் வளர்ந்த துண்டுகள் கைமாறுவதால் கடலிலிருந்து எடுப்பதற்கான தேவை குறைகிறது என்றும் வெளிநாட்டு ஆர்வலர்கள் கூறுகின்றனர்.

இந்தச் சிந்தனை இப்போது பவளப் பாதுகாப்பிலும் இடம்பெற்றுள்ளது. அமெரிக்காவின் புளோரிடாவில், மீன்தொட்டி வணிகத்துக்காகக் கடலில் பாறை வளர்த்து வந்த கென் நெடிமையர், தமது பாறைகளில் தாமாகவே வந்து ஒட்டிய மான்கொம்புப் பவளங்களை வெட்டிப் பெருக்கினார். அதன் தொடர்ச்சியாக 2007-இல் பவள மீட்பு அறக்கட்டளையை நிறுவினார். அம்மாநிலத்தின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வாகன், தற்செயலாக நொறுங்கிய சிறு துண்டுகள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாக வளர்வதைக் கண்டார். நுண்துண்டு முறை எனப்படும் வளர்ப்பு அதிலிருந்து உருவானது.

2023 ஜூலையில் புளோரிடாவைக் கடல் வெப்ப அலை தாக்கியபோது, கடலுக்குள் இருந்த நாற்றங்கால் பவளங்கள் அவசரமாகக் கரையில் உள்ள தொட்டிகளுக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்னரே, திசு இழப்பு நோயிலிருந்து காப்பதற்காக அங்கிருந்து எடுக்கப்பட்ட பவளங்கள், அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள உயிரியல் பூங்காக்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டிருந்தன. கடற்கரையே இல்லாத நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா பூங்காவும் அவற்றுள் ஒன்று.

மன்னார் வளைகுடாவின் அனுபவம்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. இதன் பரப்பு 560 சதுர கி.மீ. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதால் இத்தீவுகளைக் காத்து நின்ற அரண் சிதைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் கடலில் மூழ்கின.

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம், 2002 முதல் இப்பகுதியில் பவள மறுநடவில் ஈடுபட்டுள்ளது. நலமாக உள்ள திட்டுகளிலிருந்து எடுக்கப்படும் துண்டுகள், சிமென்ட் பலகைகளிலும் சட்டங்களிலும் கட்டப்பட்டுக் கடலடியில் வைக்கப்படுகின்றன. வேகமாக வளரும் கிளைப் பவளங்களுக்கே முன்னுரிமை தரப்படுகிறது. அரிப்பால் சுருங்கிவந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைத் திட்டுகளும் அமைக்கப்பட்டன.

குஜராத்தின் கட்ச் வளைகுடாவிலும் இத்தகைய முயற்சிகள் நடந்துள்ளன. இந்திய விலங்கியல் அளவைத் துறை, குஜராத் வனத்துறையுடன் இணைந்து, 2020 ஜனவரியில் மிதாப்பூர் அருகே மென்மின்னோட்டம் பாயும் இரும்புச் சட்டங்களில் பவளத் துண்டுகளை நட்டது.

எனினும் மறுநடவு, வெப்பத்துக்கு மருந்தாகாது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட வெளிறலில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பெருமளவில் மடிந்தன. 2024 ஏப்ரலில் உலகின் 4-ஆவது பெரும் வெளிறல் நிகழ்வு அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே நலிந்துள்ள திட்டுகளிலிருந்து, அழகுக்காக எடுக்கப்படும் சிறு துண்டும் இழப்புதான் என்பதே சட்டத்தின் கடுமைக்கு அடிப்படை.

சட்டம் என்ன சொல்கிறது?

2001-ஆம் ஆண்டு, பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவ்வட்டவணையில் உள்ள உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்குக் குறைந்தது 3 ஆண்டு முதல் அதிகபட்சம் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ரூ.25 ஆயிரத்துக்குக் குறையாது. இத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆர்வலர்கள் கவனிக்க வேண்டியது சட்டத்தின் 39-ஆவது பிரிவு. சட்டத்துக்கு மாறாகப் பிடிக்கப்பட்ட விலங்கு மட்டுமன்றி, சட்டத்துக்கு மாறாக அடைத்து வளர்க்கப்பட்ட, இனப்பெருக்கம் செய்யப்பட்ட விலங்கும் அரசின் சொத்து என அது கூறுகிறது. எழுத்துப்பூர்வ முன் அனுமதியின்றி அத்தகைய உயிரினத்தைக் கைவசம் வைத்திருப்பதும், விற்பனையாகவோ அன்பளிப்பாகவோ வேறு வகையிலோ மாற்றித் தருவதும் தடை செய்யப்பட்டுள்ளது. எனவே, 'பணம் வாங்கவில்லை, நண்பருக்கு இலவசமாகத்தான் கொடுத்தேன்', 'இது கடலில் எடுத்ததல்ல, தொட்டியிலேயே வளர்ந்தது' என்ற இரு விளக்கங்களும் தாமாகவே பாதுகாப்பு அளிப்பதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த பவளம் என்பதும் தனி விலக்கு அன்று. கல் பவளங்கள் அனைத்தும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் 2-ஆவது இணைப்பில் உள்ளதால், எல்லை கடக்க ஏற்றுமதி நாட்டின் அனுமதிச் சான்று தேவை. அயல்நாட்டு உயிரினங்களைத் தாமாக முன்வந்து தெரிவிக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூனில் அளித்த வாய்ப்பு, வனவிலங்குச் சட்ட அட்டவணைகளில் இடம்பெற்ற இனங்களுக்குப் பொருந்தாது என அறிவிக்கப்பட்டிருந்தது.

சோவாந்தஸ், காளான் பவளம், சீனியா போன்ற மென்வகைகள் மேற்கண்ட பட்டியலில் பெயர் குறிக்கப்படவில்லை. ஆயினும், தேசியப் பூங்காப் பகுதியிலிருந்து எந்த உயிரினத்தையும் எடுப்பது குற்றம். மேலும், இவ்வகைகள் பெரும்பாலும் பவளக் கல்லில் ஒட்டிய நிலையிலேயே கைமாறுகின்றன. மேலே உள்ள உயிரி பட்டியலில் இல்லாவிட்டாலும், அடியில் உள்ள கல் பட்டியலில் உள்ள பவளமாக இருக்கலாம்.

வெட்டும்போது நேரும் ஆபத்து

மென்வகைகளைக் கையாள்வதில் உடல்நல ஆபத்தும் உண்டு. சோவாந்தஸ் உறவுடைய சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நச்சு உள்ளது. வெட்டும்போது தெறிக்கும் நீர் கண்ணிலோ காயத்திலோ பட்டாலும், கல்லை வெந்நீரில் இட்டுச் சுத்தம் செய்யும்போது எழும் ஆவியைச் சுவாசித்தாலும் பாதிப்பு ஏற்படலாம். 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில் மீன்தொட்டிக் கல்லைச் சுத்தம் செய்தபோது வெளிப்பட்ட நச்சால் ஒரு குடும்பத்தினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிவதும், காற்றோட்டமான இடத்தில் குழந்தைகளை விலக்கிவைத்து வேலை செய்வதும் கட்டாயம். தொட்டிக் கற்களை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது. காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல், கண் எரிச்சல் தோன்றினால், பவளத்தைக் கையாண்ட விவரத்தை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

ஆர்வலர்களுக்கு உள்ள வழிகள்

கர்நாடகத்தில் இத்தகைய உயிரினங்கள் குறித்த அனுமதிகளுக்கும் ஐயங்களுக்கும் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரே உரிய அதிகாரி. ஏற்கெனவே கல் பவளம் வைத்திருப்பவர்கள் அதைக் கைமாற்றுவதற்கோ கடலில் விடுவதற்கோ முன் வனத்துறையை அணுக வேண்டும். தொட்டி உயிரினங்களைக் கடலில் விடுவது நோயையும் அயல் இனங்களையும் பரப்பும்.

பவளமின்றியும் கடல்நீர்த் தொட்டி வளர்க்கலாம். கோமாளி மீன் உள்ளிட்ட அலங்காரக் கடல் மீன்களைக் கருவூட்டி வளர்க்கும் நுட்பத்தை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் உருவாக்கியுள்ளது. குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த மீன்கள், கடலில் பிடிக்கப்பட்டவற்றைவிடத் தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும். மீன்தொட்டியில் பவளத்தின் தோற்றம் வேண்டுவோர், செயற்கைப் பவள வடிவங்களையும் பீங்கான் கற்களையும் பயன்படுத்தலாம்.

எந்த உயிரினத்தையும் பெறும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை கேட்டுப் பெறுவது நல்லது: அது எந்த இனம், எங்கு பிறந்தது அல்லது எடுக்கப்பட்டது, அதற்கான எழுத்துச் சான்று உள்ளதா? மூன்றில் ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால், அன்பளிப்பாகக் கிடைத்தாலும் அதைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.