'டி' என்ற ஒற்றை எழுத்து

தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். ஆட்டக்காரரின் மார்பில் பெரிதாகத் தெரிவது அவருடைய கிளப்பின் பெயராக இருக்காது. ஏதாவது விமானக் கம்பெனி, வங்கி, சூதாட்ட நிறுவனத்தின் பெயராகத்தான் இருக்கும். கிளப்பின் சின்னம் ஓரமாகச் சின்னதாய் ஒதுங்கியிருக்கும். ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ இப்படிப் பார்த்திருக்க முடியாது. இது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அங்கே இதற்காகச் சண்டை போட்டு வழி திறந்தவர்கள் பெரிய பணக்கார கிளப்புகள் அல்ல. அதனால்தான் எழுதத் தோன்றியது.

முதலில் ஜெர்மனி. பிரவுன்ஷ்வைக் என்ற நகரத்தின் ஐன்ட்ராக்ட் கிளப் 1967-ல் மேற்கு ஜெர்மனியின் சாம்பியன். அடுத்த ஆறு வருடங்களில் பணத்துக்குத் திண்டாடும் நிலை. பக்கத்து ஊரில் யேகர்மைஸ்டர் என்ற மூலிகை மதுவைத் தயாரிக்கும் கம்பெனி இருந்தது. அதன் முதலாளி குன்டர் மாஸ்ட், தங்கள் புட்டியில் இருக்கும் மான் தலைப் படத்தைச் சட்டையில் போட்டால் பணம் தருகிறேன் என்றார். சட்டையில் விளம்பரம் கூடாது என்றது ஜெர்மன் கால்பந்துச் சங்கம்.

ஆனால் கிளப் தன் சொந்தச் சின்னத்தைப் போட்டுக்கொள்வதை யார் தடுக்க முடியும்? 1973 ஜனவரியில் உறுப்பினர்கள் கூடி ஓட்டெடுத்து, கிளப்பின் சின்னத்தையே மாற்றிவிட்டார்கள். சிங்கம் போய் மான் வந்தது. அந்தச் சிங்கம் 12-ஆம் நூற்றாண்டில் அந்நகரில் இருந்து ஆண்ட ஹென்றி பிரபுவின் சின்னம், ஊரின் அடையாளம். மார்ச் 24-ஆம் தேதி ஷால்கே அணிக்கு எதிராக மான் தலையோடு இறங்கினார்கள். அதே வருடம் சங்கமும் இறங்கிவந்து எல்லோருக்கும் விளம்பரத்தை அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பருவத்தின் முடிவில் பிரவுன்ஷ்வைக் அணி முதல் பிரிவிலிருந்தே கீழே தள்ளப்பட்டது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. கெட்டரிங் ஒரு சிறிய ஊர். அதன் கிளப் பெரிய லீகிலேயே இல்லை. தெற்கு லீக் என்ற கீழ்மட்டப் போட்டியில் ஆடியது. டெரெக் டூகன் என்ற வட அயர்லாந்து ஆட்டக்காரர், உல்வ்ஸ் அணியில் பேரெடுத்த பிறகு அங்கே வந்து நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். உள்ளூர் டயர் கடைக்காரரிடம் பேசி, 1976 ஜனவரி 24-ல் பாத் சிட்டி அணியோடு நடந்த ஆட்டத்தில் 'கெட்டரிங் டயர்ஸ்' என்று எழுதிய சட்டையோடு தன் அணியை இறக்கினார். பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் கிளப் அதுதான்.

சில நாட்களிலேயே ஆங்கிலக் கால்பந்துச் சங்கத்தின் உத்தரவு வந்தது: எடு அதை. டூகன் கெட்டிக்காரர். முழுச் சொல்லையும் எடுக்கவில்லை. 'டயர்ஸ்' என்பதில் முதல் எழுத்தான 'டி'யை மட்டும் விட்டுவைத்தார். சட்டையில் இப்போது 'கெட்டரிங் டி'. கேட்டால், 'டி' என்றால் டவுன், கிளப்பின் பெயரே கெட்டரிங் டவுன்தானே என்றார்! விளம்பரத் தடை எழுத்தில் எங்கே இருக்கிறது என்றும் வாதாடினார். சங்கம் மசியவில்லை. 1,000 பவுண்டு அபராதம் என்று மிரட்டியது. சிறிய கிளப்புக்கு அது தாங்காத தொகை. ஒற்றை எழுத்தும் போயிற்று.

ஆனாலும் விடவில்லை. டெர்பி கவுன்ட்டி, போல்ட்டன் கிளப்புகளோடு சேர்ந்து கெட்டரிங் மனுக் கொடுத்தது. 1977 ஜூனில் சங்கம் அனுமதி தந்தது. அடுத்த பருவத்துக்குச் சட்டையில் பெயர் போட கெட்டரிங்குக்கு ஒரு கம்பெனியும் கிடைக்கவில்லை. போராடி வாங்கிய உரிமை, பயன்படுத்த வழியில்லை.

பயன் யாருக்கு? 1979-ல் லிவர்பூல் அணி ஹிட்டாச்சி பெயரை அணிந்தது. அப்போதும் தொலைக்காட்சியில் காட்டும் ஆட்டங்களில் விளம்பரச் சட்டை கூடாது. 1983-ல் அதுவும் தளர்ந்தது. பிறகுதான் உண்மையான பணம் வரத் தொடங்கியது.

சட்டை தயாரிப்பாளர்கள் கதையும் இப்படித்தான். முன்பெல்லாம் கிளப்தான் காசு கொடுத்துச் சட்டை வாங்கும். லெஸ்டர் அருகே இருந்த அட்மிரல் கம்பெனி 1970-களில் இதைத் தலைகீழாக்கியது. லீட்ஸ் கிளப்புக்கும் 1974-ல் இங்கிலாந்து அணிக்கும் தானே பணம் கொடுத்துச் சட்டை போட்டது. அதே மாதிரிச் சட்டையைப் பிள்ளைகளுக்கு விற்றுப் பணத்தை எடுத்தது. மாடல் மாறும்போதெல்லாம் செலவு பெற்றோர் தலையில். அந்தக் கம்பெனியும் 1980-களின் தொடக்கத்தில் நொடித்துப்போனது. அது காட்டிய வழியில் அடிடாஸும் நைக்கியும் இன்று கோடிகளில் ஒப்பந்தம் போடுகின்றன.

2012-ல் மான்செஸ்டர் யுனைடெட் கிளப் ஷெவர்லே கார் கம்பெனியோடு ஏழு பருவங்களுக்கு ஏறத்தாழ 56 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பெயர் சட்டையில் ஏறுவதற்கு முன்பே, 2013 டிசம்பரில், ஐரோப்பாவில் ஷெவர்லே விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்துவிட்டது. அதனால் ஒப்பந்தம் முறியவில்லை. மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் கார் வாங்குவாரா என்பது கணக்கிலேயே இல்லை. ஆசியாவிலும் மற்ற இடங்களிலும் தொலைக்காட்சி பார்ப்பவர்கள்தான் கணக்கு.

கெட்டரிங் டயர் கடைக்காரரின் கணக்கு வேறு. ஆட்டம் பார்க்க வந்தவர் மறுநாள் தன் கடைக்கு டயர் மாற்ற வரவேண்டும். ஊர்க்காரர், ஊர்க் கிளப், ஊர்க் கடை. அதைக் குற்றம் என்று சொல்லி ஓர் எழுத்தைக்கூட விடாமல் அழித்தார்கள்.

கெட்டரிங் டவுன் 2011-ல் தன் பழைய மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பணக்கஷ்டம் பல பட்டும் கிளப் மூடிவிடவில்லை. இன்னும் கீழ்மட்ட லீகில் ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஏதாவது பெரிய ஆட்டத்தில் மார்பு நிறைய விளம்பரத்தைப் பார்த்தால், அந்த 'டி'யை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.