எம்டன் முதல் குக்ரி வரை: ஒரு முக்கோணக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"அவன் சரியான எம்டன்" என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைக்கு எதிரே வந்து, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் எரித்துவிட்டுப் போன கப்பல் அது. அடுத்த மாதம், அக்டோபர் 28 விடியற்காலையில், பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. ஷெம்சுக் அப்போது நங்கூரம் போட்டு நின்றது. சில நூறு மீட்டர்தான் தூரம். நேராக விட்டாலே போதும், குறி தப்பாது.

ஓடுகிற கப்பலை அடிப்பது வேறு வித்தை. பேரப்பிள்ளைகள் கணினியில் ஆடும் சைலண்ட் ஹண்டர் போன்ற நீர்மூழ்கி விளையாட்டுகளில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். நம் அவனியாபுரம் வாடிவாசலில் மாடுபிடிக்கிற பையன் திமில் இருக்கும் இடத்துக்குத் தாவினால் மண்ணைத்தான் பிடிப்பான். திமில் வரப்போகும் இடத்துக்குத் தாவ வேண்டும். டார்பிடோவும் அப்படித்தான்.

கணக்கைப் பாருங்கள். எதிரிக் கப்பல் 12 நாட் வேகத்தில் நமக்குக் குறுக்கே போகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். நம் டார்பிடோவின் வேகம் 30 நாட். 12ஐ 30ஆல் வகுத்தால் 0.4. எந்தக் கோணத்தின் சைன் 0.4? சுமார் 23½ பாகை. கப்பலுக்கு அவ்வளவு முன்னால் குறி வைக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் "இந்த சைன் எதுக்கு சார்?" என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்!

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் தூரம் வரவே இல்லை. ஆனால் பிழை செய்தால் தூரம் வந்து நிற்கும். 100 மீட்டர் நீளமுள்ள கப்பல் பெரிஸ்கோப்பின் நடுக்கோட்டைக் கடக்க 16 விநாடி ஆனால் அதன் வேகம் 12 நாட். அதை 19 விநாடி என்று தப்பாக எடுத்தால் 10 நாட் என்று வரும். 900 மீட்டர் தூரத்திலிருந்து கப்பலின் நடுவைக் குறிவைத்து விட்டால், டார்பிடோ போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கப்பலின் பின்முனையும் தாண்டிப் போயிருக்கும். அதே பிழையைப் பாதித் தூரத்தில் செய்திருந்தால் கப்பல் தப்பாது. நீர்மூழ்கிகள் ஏன் ஓசையில்லாமல் கிட்டே வரப் பார்க்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே கப்பலுக்குப் பாதுகாப்பு, வேகத்தையும் திசையையும் மாற்றிக்கொண்டே இருப்பது. இதை நினைக்கும்போது எனக்குக் குக்ரி கப்பல்தான் ஞாபகம் வரும்.

1971 போரில், டிசம்பர் 9 இரவு, டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கியைத் தேடி ஐ.என்.எஸ். குக்ரியும் கிர்பானும் சுற்றிக்கொண்டிருந்தன. குக்ரியில் சோனார் கருவியின் திறனைக் கூட்ட ஒரு சோதனை நடந்துகொண்டிருந்ததால் அது வேகத்தைக் குறைத்துச் சென்றது. ஹங்கோர் அந்தக் கப்பல்களின் போக்கைக் கணித்து, வழியில் போய்க் காத்திருந்தது. அதனிடம் இருந்தவை ஒலியைத் தேடிப் போகும் டார்பிடோக்கள். ஆனாலும் இடம் பார்த்து நிற்பதற்கு இதே கணக்குத்தான் வேண்டும். கிர்பானை நோக்கி விட்ட முதல் டார்பிடோ வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியைத் தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது.

18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வர மறுத்து அதனோடே போனார். அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. டையூ கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. குஜராத் பக்கம் போகிறவர்கள் அவசியம் பார்த்துவிட்டு வாருங்கள்.

வீட்டுப் பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த முக்கோணத்தை வரைந்து காட்டுங்கள். அப்படியே குக்ரியில் போன 194 பேரைப் பற்றியும் சொல்லுங்கள்.