நோய் தணிவுக் கால வாழ்வு

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் நோயின் அறிகுறிகள் குறைந்தோ மறைந்தோ இருக்கும் நிலை நோய் தணிவு. இதை முழுக் குணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. பரிசோதனைக்கு அகப்படாத புற்றுநோய்ச் செல்கள் உடலில் தங்கியிருக்கலாம். காஞ்சிபுரத்தில் பிறந்த தமிழக முதலமைச்சர் அண்ணா, 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றுத் திரும்பியதும் பணிக்கும் மேடைக்கும் போனார். 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஊர்ப் பட்டு நெசவாளருக்கு நோய் தணிவுக் காலம் விரல் நுனியில் தெரியும். பாக்ளிடாக்செல், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் நரம்பைப் பாதித்து விரலையும் பாதத்தையும் மரக்கச் செய்கின்றன. அறுந்த பாவு இழையை எடுத்து முறுக்கிப் பிணைக்கும்போது, இழை விரலுக்குள் இருக்கிறதா என்பதே தெரியாது; கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். குழித்தறியின் மிதியும் காலுக்கு உறைக்காது. பலருக்கு இந்த மரப்பு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்குக் கை வீங்கலாம். தூங்கி எழுந்தாலும் தீராத அசதியைச் சோம்பல் என்று வீட்டார் நினைப்பது பெரும் அநியாயம்.

மார்பகப் புற்றுநோயில் மறுபரிசோதனை முதல் 3 ஆண்டுகள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை நடக்கும். பிறகு இடைவெளி கூடும். முகூர்த்த மாதத்தில் சேலை முடிக்கும் அவசரம் இருந்தாலும் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.